மெற்றில்டா அக்கா பார்த்த பிள்ளை

இன்றைக்கு வியாழக்கிழமை. வியாழனும் வெள்ளியும் நான் கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரெயில் மாறி, பிறகு ட்ராமும் ஏறி, குரோய்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போகிறவள். பார்ப்பதென்றால் எட்டிப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டு வருவதல்ல. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரைக்கும் பார்ப்பது. இன்று ட்ராம் நிறுத்தத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றாள். குழந்தையின் ஒரு காலில் சப்பாத்து இல்லை. அதை அப்போதுதான் கவனித்தவள் திரும்பிப் பார்த்தாள். சப்பாத்து தூரத்தில், படிக்கட்டடியில் கிடந்தது. என்னிடம், "குட் யூ லுக் ஆஃப்டர் ஹிம் ஃபோர் எ செக்கண்ட்?" என்று கேட்டவள் என் பதிலுக்குக்கூட நில்லாமல் ஓடினாள்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் எனக்கு அவளில் வந்த பொறாமையை என்னவென்று சொல்ல! அவளுடைய அழகிலோ வயதிலோ இல்லை. (அதிலும் கொஞ்சம்தான், விடுங்கள்.) தான் பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாத ஒரு கிழவியிடம் விட்டுவிட்டு ஓட முடிகிற அந்த மனசில்தான். திரும்பி வந்தவள் சப்பாத்தை மாட்டிவிட்டு, குழந்தை என்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, "ஹி லைக்ஸ் யூ!" என்று சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டாளாம்! அவள் வயதில் என் பிள்ளை இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு இராச்சாப்பாடு இறங்காது.

'லுக் ஆஃப்டர்' என்பது இந்த நாட்டில் நான் ஒழுங்காகப் படித்த முதல் சொற்களில் ஒன்று. ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு கொலிஜில் பின்னேர வகுப்பு. மிஸ் பலகையில் 'லுக்' என்று ஒரு பக்கம் எழுதி, மற்றப் பக்கம் வால்களை எழுதுவா. லுக் அட் என்றால் பார்ப்பது. லுக் ஃபோர் என்றால் தேடுவது. லுக் டவுன் ஒன் என்றால் இளக்காரமாகப் பார்ப்பது, அது எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, ஊரிலேயே படித்துக்கொண்டு வந்திருந்தோம். லுக் ஆஃப்டர் வந்தபோது நான் மனசுக்குள் அதைப் பிரித்து 'பிறகு பார்' என்று மொழிபெயர்த்தேன். எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோர்களில் "பிறகு பாப்பம்" என்றால் ஒருநாளும் பார்க்க மாட்டார்கள் என்றுதானே அர்த்தம். பராமரிப்பது, பொறுப்பேற்பது என்று மிஸ் விளங்கப்படுத்தியபிறகு, எல்லோரும் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். ஒரு துருக்கிக்காரர் எழும்பி, என்னைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார், கவுன்சில் பார்த்துக்கொள்வதில்லை என்றார். வகுப்பு கைதட்டியது. என் முறை வந்தபோது, 'நான் என் மகளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்றேன். "வெரி குட்" என்றா மிஸ்.

வசனத்தில் பிழை இல்லை. பொய்தான் இருந்தது. நான் அந்தக் கதிரையில் இருந்த நேரம் என் மகள் நிரோவை நாங்கள் அப்போதிருந்த ஃபாரஸ்ட் கேட்டில் மெற்றில்டா அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தா.

அந்தச் சொல்லின் மற்றப் பாவனைகள் பிறகு தெருவில் கிடைத்தன. சந்தையில் மாம்பழம் விற்கிறவன், "ஐ வில் லுக் ஆஃப்டர் யூ, டார்லிங்" என்றால் ஒரு பழம் கூடப் போடுவான் என்று அர்த்தம். வேலையை விட்டு நிறுத்துகிற மனேஜர், "லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்" என்றால் இனி இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். ஒருநாள் கவுன்சில் நோட்டீசில் 'லுக்ட் ஆஃப்டர் சில்ட்ரன்' என்று கண்டேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற பிள்ளைகளாக்கும், கொடுத்துவைத்ததுகள் என்று நினைத்தேன். பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் கவுன்சில் பொறுப்பெடுத்த பிள்ளைகளுக்குத்தான் அப்படிப் பெயர் என்று தெரிந்தபோது, இறங்க வேண்டிய இடம் தாண்டியும் பஸ்சுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

என்னுடைய வேலையும் அந்தச் சொல்தான். வயதானவர்களைப் பராமரிக்கும் ஒரு இல்லத்தில் கெயரர். காலை ஏழரைக்கு ஷிப்ட். கணவருக்கு பேக்கரியில் இரவு வேலை, விடிய வந்து அடித்துப் போட்டவர்போல் படுப்பார். அப்போது ஃபாரஸ்ட் கேட்டில் எங்களைப்போல ஆட்களுக்குப் பிள்ளை பார்க்கிற பெண்கள் தெருவுக்கு ஒருத்தி இருந்தார்கள். பெயர்ப்பலகை இல்லை, பதிவு இல்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, "பிள்ளை பாக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டால் போதும். அப்படிக் கிடைத்தவதான் மெற்றில்டா அக்கா. மன்னார்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. என் நிரோவையும் டிலான் என்று இன்னொரு பொடியனையும் பார்த்தா. டிலானின் தாய் வசந்திக்கு ஒரு ஆஸ்பத்திரியின் லோண்டரியில் வேலை.

முதல் இரண்டு மாதம் மெற்றில்டா அக்காவுக்குப் பூப்போட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. மூன்றாம் மாதம் வயிற்றெரிச்சல் தொடங்கியது. நிரோ அழுதாளா, அழவில்லையா என்பதில்தான் எல்லாம். காலையில் நான் விட்டுவிட்டுப் போகும்போது அவள் அழுதால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். ஒருநாள் அழவில்லை. கையை நீட்டி அவவிடம் தாவிப் போனாள். அதைப்போல ஒரு அடி என்னை என் தகப்பன்கூட அடித்ததில்லை. பின்னேரம் வந்து தூக்கினால் பிள்ளையின் தலையில் அவவின் மணம் இருக்கும். நல்லெண்ணெயும் சோற்றுக்கஞ்சியும் கலந்த ஒரு மணம். ஷிப்ட் முடிந்து முதுகு விட்டுப்போனாலும், வீட்டுக்கு வந்த உடனே பிள்ளையின் தலையைக் கழுவுவேன். குளிர் காலத்திலும். கணவர் எழும்பி வந்து, "உமக்கென்ன விசரே? பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கப் போகுது" என்று கத்துவார். எண்ணெய் ஊறினால் தலையில் பொடுகு வரும் என்று நான் ஒரு மருத்துவம் சொல்வேன்.

பிள்ளை முதன்முதல் சொன்ன சொல் 'மெம்மா.' அது அம்மாதான், வாய் திரும்பவில்லை என்று ஊருக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் என் தமக்கைக்கு, கனடாவில் மச்சாளுக்கு, எல்லோருக்கும். மெற்றில்டா அக்காவும் அதையே சொன்னா. "ஓம் தங்கச்சி, உங்களைத்தான் கூப்பிடுது. பகல் முழுக்க வாசலைப் பாத்துக் கூப்பிடும்." அவ அப்படி விட்டுக்கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறவளிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அவவிடம் இன்னொரு பழக்கம். பின்னேரம் போய், "இண்டைக்கு என்ன செய்தவ?" என்று கேட்டால் சாப்பிட்டது, நித்திரை கொண்டது, வயிற்றால் போனது எல்லாம் வடிவாகச் சொல்லுவா. புதிதாக ஏதாவது செய்தாளா என்றால் மட்டும், "புதுசா ஒண்டும் இல்லை, தங்கச்சி." முதல் பல்லை நான்தான் கண்டேன். கை தட்டியதை நான்தான் கண்டேன். குப்புறப் பிரண்டதையும் நான்தான், அதுவும் ஒரு சனிக்கிழமை. என் பிள்ளைக்கு என்னில் எவ்வளவு பட்சம், எல்லாவற்றையும் நான் வீட்டில் நிற்கும் நாளுக்கென்று எடுத்து வைக்கிறாளே என்று புளகித்துப் போவேன். விசரி நான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தரும்போது மெற்றில்டா அக்கா சொன்னா, "இந்தச் சனி, ஞாயிறு சமையலை விட்டிட்டு நிலத்தில பிள்ளையோட இருங்கோவன். எழும்புற மாதிரிக் கிடக்கு." ஞாயிறு பூசையால் வந்து குசினி நிலத்தில் இருந்தேன். நிரோ கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கையை விட்டாள். நாலு அடி. நாலாவது அடியில் என் மடியில் வந்து விழுந்தாள். நான் கத்திய கத்தில் கணவர் கட்டிலால் விழுந்தடித்து ஓடிவந்தார். அன்றைக்கே ரவை கேசரி கிண்டி, திங்கட்கிழமை ஒரு டப்பாவில் மெற்றில்டா அக்காவுக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், கொண்டாடக் கொண்டுபோகவில்லை, பீற்றிக்கொள்ளக் கொண்டுபோனேன். அவ வாயில் கையை வைத்து, "அட! என்ர மாதாவே! நடந்திட்டாவே!" என்று துள்ளிக் குதித்தா. அன்றைக்குப் பஸ்சில் எனக்கு இருக்கையே தேவைப்படவில்லை.

புதன்கிழமை அதே பஸ்சில் டிலானின் தாய் வசந்தி ஏறினா. பல்லுவலியால் முந்தின கிழமை இரண்டு நாள் லீவு எடுத்ததாம். மத்தியானத்தோடு மகனைக் கூட்டிவரப் போனதாம். பிறகு சொன்னா: "உங்கட மகள் என்ன மாதிரி நடந்து திரியிறா! அறை முழுக்கச் சுத்துறா. டிலான் இன்னும் நிலத்தில அரக்கிக்கொண்டு கிடக்கிறான், எனக்குப் பொறாமையாப் போச்சு."

"எப்ப கண்டனீங்கள்?"

"போன கிழமை, திங்களோ செவ்வாயோ. ஏன், உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும், தெரியும்" என்றேன். அந்தத் திங்களையும் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் ஏழு நாள். ஏழு நாளாக என் பிள்ளை பகலில் அங்கே நடந்து திரிந்துவிட்டு, பின்னேரம் களைத்துப்போய் என் தோளில் வந்திருக்கிறாள். நான் அன்றைக்கு அழவில்லை. நினைவில் வந்தது அந்தக் கேசரிதான். அந்தத் துள்ளல். என்னை முன்னால் வைத்து நாடகம் ஆடியிருக்கிறாளே இந்த மன்னார்க்காரி என்று, அதுவரை மரியாதையாக 'அவ' என்று நினைத்த மனுஷியை அந்த நிமிஷம் மனசுக்குள் 'அவள்' ஆக்கினேன்.

இந்த இடத்தில் இல்லத்தில் இருந்த டொரீனைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் யோக்கியமானவள் என்று நினைத்துவிடுவீர்கள். டொரீனுக்கு எண்பத்தாறு வயது. ஞாபகம் போய்விட்டது. ஒரே மகள், கிழமைக்கு ஒருக்கால் பூவோடு வருவா. தாய் அவவை யாரோ நர்ஸ் என்று நினைத்து மரியாதையாகத் தேநீர் வேண்டுமா என்று கேட்பா. மகளின் முகம் செத்துப்போகும். நான் மெல்லப் பக்கத்தில் போய், இன்றைக்குக் காலையில் உங்களைத்தான் பெயர் சொல்லிக் கேட்டவ என்று சொல்வேன். பச்சைப் பொய். அந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ லுக் ஆஃப்டர் ஹெர் ஸோ வெல்" என்பா. அந்தப் பொய்யை நினைத்து எனக்குப் பெரிய பெருமை. நான் செய்தால் கருணை, மெற்றில்டா செய்தால் களவு.

அன்று பின்னேரம் படியேறிப் போய், வாசலில் நின்றபடியே கேட்டேன். "பிள்ளை போன கிழமையே நடந்தவவாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மெற்றில்டா அக்கா முழித்தா. டிலானைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "சொன்னா அது என்ர நாளாப் போயிடும், தங்கச்சி. நீங்கள் காணேக்க அது ரெண்டாந்தரமாப் போயிடும். பெத்தவள் நீங்கள், உங்கட நாளா இருக்கட்டும் எண்டுதான்..."

இப்போது அதை எழுதும்போது எவ்வளவு நல்ல வார்த்தையாக இருக்கிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றுதான்: அவவுக்கும் ஒரு நாள் இருந்திருக்கிறது. முதல் நாள் அவவுடையது. எனக்குத் தந்தது மிச்சம். நான் சொன்னேன், என் வாயில் புழுப் பிடிக்க: "உங்களுக்கு ஒரு பிள்ளை வேணுமெண்டா பெத்துப் பாருங்கோ. என்ர பிள்ளையை வைச்சு விளையாடாதேங்கோ."

அவ உள்ளே போனா. நிரோவின் சட்டைகள், பால்போத்தல், போர்வை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தா. பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தா. "மத்தியானம் ஒரு மணிக்குத்தான் நித்திரை வரும். வலப்பக்கம் சரிச்சுப் போடுங்கோ, இடப்பக்கம் போட்டா முழிச்சிடுவா." அவ்வளவுதான். கதவை நான்தான் சாத்தினேன்.

பிறகு என்ன. கவுன்சில் நேர்சரியில் இடம் கிடைக்கும்வரை கணவர் நித்திரையைப் பாதியில் விட்டு எழும்பிப் பார்த்தார். நிரோ மூன்று கிழமை 'மெம்மா, மெம்மா' என்று வாசலைப் பார்த்து அழுதாள். நான் வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்று, "இஞ்ச பார் குஞ்சு, அம்மா இஞ்ச நிக்கிறன்" என்று சொல்வேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். வலப்பக்கம் சரித்துப் போட்டால்தான் நித்திரை கொண்டாள், நான் வேண்டுமென்றே இடப்பக்கம் போட்டுப் பார்த்தேன். நாலாம் கிழமை மறந்துபோனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கோயிலில் மெற்றில்டா அக்கா எங்களைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்பா. நாங்கள் கிங்ஸ்பரிக்கு வீடு மாறியபோது போய்ச் சொல்லவுமில்லை.

குரோய்டன் என்றால் அந்த நாளில் எங்களுக்குப் பயம். அகதிக் கேஸ் காகிதங்களைக் கட்டிக்கொண்டு அங்கேயுள்ள பெரிய குடிவரவுக் கந்தோரின் முன்னால் விடியமுன் வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். அதே குரோய்டனில் இன்றைக்கு என் மகள் இரண்டு அறை வீடு வாங்கி, சோபாவில் ஏழு தலையணை அடுக்கி வைத்திருக்கிறாள். பேரனுக்குப் பெயர் ஈதன், நான் வைக்கவில்லை. பதின்மூன்று மாதம். திங்களிலிருந்து புதன்வரை நேர்சரி. அங்கே அவன் தும்மினாலும் போனில் படம் வரும். என்ன தின்றான், எத்தனை மணிக்குச் சிரித்தான் என்று எல்லாம் கந்தோரில் இருக்கிற தாய்க்குப் போய்ச் சேரும். "நடந்தா மட்டும் எனக்கு அனுப்பவேண்டாம் எண்டு நேர்சரிக்குச் சொல்லியிருக்கிறன், அம்மா. ஐ வோண்ட் டு சீ இட் மைசெல்ஃப்" என்று நிரோ என்னிடம் சொன்னாள். எனக்கு அது ஒரு காதால் போய் மற்றக் காதால் வந்தது. நேர்சரிக்குத்தானே சொன்னாள், எனக்கா சொன்னாள்?

போன வியாழன், பதினொரு மணிபோல், ஈதன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கையை விட்டான். ஐந்து அடி. வந்து என் முழங்காலைக் கட்டிப் பிடித்தான். நான் ஒரு நிமிஷம் பொறுத்திருப்பேனா? பத்துச் செக்கன் பொறுத்தேனா? நேர்சரிக்காரிகளுக்கு முதல் நான் கண்டுவிட்டேன், அவனுடைய அப்பம்மாவுக்கும் முதல் கண்டுவிட்டேன், அந்த மனுஷி என்னவோ தங்கக் காப்புப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறா. போனை எடுத்து மகளுக்கு அடித்தேன். "நிரோ! நடந்திட்டான்! என்னட்டைத்தான் வந்தவன்!"

"ஓ. ஓகே. தட்ஸ் நைஸ், அம்மா."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். 'தெரியும், தெரியும்' என்று பஸ்சில் வசந்திக்குச் சொன்ன குரல் அது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஏழு தலையணைக்குள் அப்படியே இருந்துவிட்டேன். மெற்றில்டா அக்கா ஏழு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. என்னால் பத்துச் செக்கன் இருக்க முடியவில்லை.

பின்னேரம் நிரோ வந்தாள். கோட்டைக் கழற்றாமலே நிலத்தில் இருந்து, கையை நீட்டி, "கமோன் பேபி, அம்மாட்ட வாங்கோ" என்று கூப்பிட்டாள். அவன் தவழ்ந்து வந்தான். திரும்ப நிற்கவைத்தாள். திரும்பத் தவழ்ந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அம்மா, நான் முதல் நடக்கேக்க நீங்க கண்டனீங்களா?"

"ஓம்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை. குசினிக்கதவில இருந்து என்ர மடிக்கு. நாலு அடி."

"யூ வேர் ஸோ லக்கி" என்றாள். பொறாமையோடு சொன்னாள்.

மெற்றில்டா அக்கா என்ற பெயரை நான் அவளுக்கு இன்றுவரை சொன்னதில்லை. நிரோவுக்கு அப்படி ஒருத்தி இருந்த நினைவே இல்லை. அந்தக் கடைக்கு மேல் வீட்டை உடைத்துப் பல மாடி எழும்பிவிட்டது. பிள்ளை பார்க்கிற ஆட்களைக் கோயில் வாசலில் கேட்கிற காலமும் போய்விட்டது. மெற்றில்டா அக்கா புருஷன் செத்தபிறகு தமையனிடம் கனடாவுக்குப் போனதாகவும், அங்கே நாலு வருஷத்துக்கு முதல் கண்ணை மூடியதாகவும் ஒரு செத்தவீட்டில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். பிள்ளை குட்டி இல்லை, அழ ஆளில்லை என்றார்கள். என் மகள் எந்தக் கிழமை, எந்த மணிக்கு எழும்பினாள், எத்தனை அடி வைத்தாள், விழுந்தாளா, சிரித்தாளா, அப்போது யாரைக் கூப்பிட்டாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதைக் கண்ட கண் உலகத்திலேயே அந்த இரண்டுதான்.